ஹாஜியாரின் வெள்ளோட்டக் காசு

வாருங்கள், எல்லோரும் சௌக்கியம்தானே? ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டு வலி, தொண்டைக் கட்டு, படியில் வழுக்கி விழுந்தது என்று யாருக்கும் ஒன்றும் இல்லையே? இருந்தால் ஒரு வாய் இஞ்சித் தண்ணி குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். இன்றைக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். வெறும் வயிற்றில் இரண்டும் ஆகாது.

தொண்ணூற்றேழாம் வருடம், ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை காலை. கியாக்டடாவில் கோர்ட்டுக்கு எதிரே மனு அடித்துக் கொடுக்கும் மெஹ்ரீனை, இருபத்தொன்பதாம் தெருவில் ரத்தினக் கல் வியாபாரம் செய்யும் அப்துல் பாரி ஹாஜியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தட்டச்சு மிஷினோடு உடனே வரவேண்டுமாம். திருட்டுப் போய்விட்டதாம்.

மெஹ்ரீனுக்கு மனு அடிப்பது பிழைப்பு. அடிக்கும்போதே எந்த வரியில் பொய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பழக்கம். உண்மை சொல்கிறவன் மூன்று வார்த்தையில் நிறுத்திவிடுவான், பொய் சொல்கிறவன் வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போவான் என்பது இருபது வருட அனுபவம். இந்தப் பழக்கத்தால் அவள் இதுவரை காணாமல் போன நகை, பத்திரம், ஒரு புருஷன் எல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். புருஷனை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மிஷினைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர் நல்லையா. ஐம்பத்து மூன்று வயது. இருபத்தைந்து வருடம் லைன்காரில் தொங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தவர். பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார், வாய் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

ஹாஜியார் கண்ணாடி மேசைக்குப் பின்னால் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். முகத்தில் துக்கம் இருந்தது. அதைப் பத்துப் பேர் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

"எழுதுங்க. உலகப் புகழ் பெற்ற, அமெரிக்க தேசத்தின்..."

"ஹாஜியாரே, ஸ்டேஷன் மனுவில உலகப் புகழுக்குக் கட்டம் கிடையாது. பொருள் என்ன?"

"வெள்ளோட்டக் காசு."

"என்ன காசு?" என்றார் நல்லையா.

கேட்டிருக்கக்கூடாது. ஹாஜியார் ஆரம்பித்துவிட்டார். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் வருடம் அமெரிக்காக்காரன் சொந்தமாகக் காசு அடிக்க இறங்கினான். வெள்ளியை வீணாக்காமல், அச்சு சரியாக விழுகிறதா என்று முதலில் செம்பில் நாலைந்து அடித்துப் பார்த்தான். அது புழக்கத்துக்கு வந்த காசே இல்லை, சோதனைக் காசு. ஒரு பக்கம் தலைவிரி கோலத்தில் ஒரு பெண், மறுபக்கம் பறக்கிற கழுகு. ஹாஜியாரின் பாட்டனார் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் பண்டமாற்றாக வாங்கியது.

"இத நான் காசுன்னே சொல்றதில்ல. செம்பு! சுத்தச் செம்பு! இன்னைக்கு நாலு மணிக்குப் பினாங்குலேருந்து ஒருத்தர் பாக்க வர்றாரு. பத்திரிகைல எல்லாம் போடப் போறாங்க. நேத்து மத்தியானம் பெட்டிக் கொக்கி தளந்து போச்சுன்னு இந்த உதுமானக் கூப்புட்டேன். அரை மணி நேரம் உக்காந்து மாட்டினான். இன்னைக்குக் காலையில தொறந்து பாத்தா, உள்ள கள்ளக்காசு!"

"வெள்ளோட்டம் விட்டுப் பாத்துதான் காசு அடிச்சானா அமெரிக்காக்காரன்?" என்றார் நல்லையா. "எங்க லைன்கார எல்லாம் பிரேக் இல்லாம நேரா ரோட்டுக்குத்தான் விட்டாங்க."

மெஹ்ரீன் அவரைப் பார்க்கவில்லை. மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த உதுமானைப் பார்த்தாள். நடைபாதையில் கடிகாரமும் பூட்டும் ரிப்பேர் செய்கிற மனிதர். மடியில் சாமான் பை. அதன் மேல் இரண்டு கைகள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. எண்பத்தெட்டில், ஊரெல்லாம் போராட்டம் நடந்தபோது, சும்மா கேள்வி கேட்கத்தான் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். ஏழு மாதம் கேட்டார்கள்.

"மெஹ்ரீனம்மா, நான் எடுக்கல," என்றார் உதுமான்.

மூன்று வார்த்தை.

"நாலு மணிக்கு வட்டாரத் தலைவர் வர்றாரு. மனுவ வாங்கிக்கிட்டு இவனையும் கூட்டிட்டுப் போவாரு," என்றார் ஹாஜியார். "ஸ்டேஷன்ல கேக்குற மாதிரி கேட்டா எடுத்தவன் தருவான்."

உதுமானின் மடங்காத விரல்கள் பையின் வாரைப் பிடிக்கப் பார்த்து நழுவின.

மெஹ்ரீன் மிஷினில் தாளைச் செருகினாள். "அங்க அடையாளம்?"

"காசுக்கா?"

"எது தொலைஞ்சாலும் அந்தக் கட்டத்த நிரப்பியாகணும். போன வாரம் ஒரு ஆட்டுக்கு நிரப்பினேன்."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. தன் அறிவைக் காட்ட ஒரு கட்டம் கிடைத்துவிட்டது. "கழுகோட வலது இறக்கைக்குக் கீழ அரிசி மூக்கு அளவுக்கு ஒரு வெட்டு. ஆண்டவனுக்கும் எனக்கும் தவிர வேற யாருக்கும் தெரியாது. அத அப்படியே போடுங்க!"

அப்படியே போட்டாள். பர்மியத்தில் வாசித்துக் காட்டினாள். ஹாஜியார் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப அந்தக் கள்ளக்காசக் காட்டுங்க."

வெல்வெட்டுப் பெட்டி திறந்தது. உள்ளே புது மணப்பெண் மாதிரி பளபளவென்று ஒரு செம்புக் காசு, தலைவிரித்த பெண் மேலே பார்த்தபடி. மெஹ்ரீன் விரலை நீட்டினாள்.

"தொடாதீங்க! சாட்சிப் பொருள்!"

நல்லையா தொடவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். "தங்கச்சி, அமெரிக்காக்காரிய யாரோ தலைக்கு ஊத்திக் குளிப்பாட்டியிருக்காங்க. முடிக்குள்ள புளிச் சக்கை மாட்டியிருக்கு பாரு."

நிஜம்தான். பெண்ணின் கூந்தல் சுருளில் பழுப்பாக ஒரு நார். ஹாஜியார் பெட்டியைப் பட்டென்று மூடினார்.

"பெட்டி எங்க இருக்கும்?"

"மாடியில. அலமாரியில."

"சாவி?"

"வீட்டுல."

நல்லையா தன் பழைய டிக்கெட் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்: 'சாவி, வீட்டில்.'

தெருவில் இறங்கியதும் மெஹ்ரீன் குடையை விரித்தாள். மணி பதினொன்று.

"புளி போட்டுக் காசு செய்றவன் ரங்கூன்ல யாருண்ணே?"

"காசு செய்றவன் ஒருத்தன்தான். தாகேதாவுல இருக்குற பர்கத்துல்லா. புளி போடுவானான்னு தெரியாது. மானத்தத் தூக்கிப் போட்டு நாளாச்சு."

லைன்கார் பஸுண்டவுங் ஓடைப் பாலத்தில் பாதி நேரம் நின்றது, மீதி நேரம் யோசித்தது. பர்கத்துல்லாவின் வீட்டை அவர்கள் கண்டுபிடித்தபோது மணி ஒன்றரை. அவன் அடுப்பில் ஒரு சட்டி வைத்து, அதில் தேயிலைச் சக்கையோடு முப்பது காசுகளைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தான். சந்தையில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற 'பழங்காலத்து' காசுகள்.

"கோ பர்கத்துல்லா, லபெயே டீ போடுறியா?" என்றார் நல்லையா. "சர்க்கரை தூக்கலா ஒரு காசு எனக்கு."

"வாங்கண்ணே. இது மன்னர் காலத்து லபெயே."

மெஹ்ரீன் விஷயத்தைச் சொன்னாள். அரை மணி நேரம், ஒரு கடிகாரக்காரர், பளபளக்கும் செம்புக் காசு. நீ செய்து கொடுத்தாயா என்று நேராகவே கேட்டாள்.

பர்கத்துல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கள்ளக்காசு செய்தாயா என்று கேட்டதற்காக இல்லை.

"பளபளன்னா? பளபளன்னு நான் செய்வேனா? தங்கச்சி, போன வாரம் அடிச்ச காச இருநூறு வருஷத்துக் கெழவனாக்க மூணு நாள் ஆவுது எனக்கு. கொதிக்க வெக்கிறேன், சேத்துல பொதைக்கிறேன், கோழி மிதிக்க விடுறேன். பளபளன்னு இருந்தா எந்த வெள்ளக்காரன் கிட்ட வருவான்? அழுக்குதான் எங்க தொழிலே! என் பேரக் கெடுக்கணும்னே எவனோ சொல்லியிருக்கான்."

"கெடுறதுக்கு அதுல எடம் ஏதுடா?" என்றார் நல்லையா.

மெஹ்ரீன் எழுந்துவிட்டாள்.

திரும்பி வரும் லைன்காரில் இருவருக்கும் நிற்கத்தான் இடம். மீன்கூடை ஒன்றுக்கும் சாமியார் ஒருவருக்கும் நடுவில் நின்றபடி அவள் யோசித்தாள்.

"அண்ணே, பழைய காசுக்குப் பதிலா கள்ளக்காசு வெக்கிறவன் எப்படி வெப்பான்?"

"பழசு மாதிரி வெப்பான்."

"இது புதுசு மாதிரி இருக்கு. அப்ப இது வெச்ச காசு இல்ல. கழுவின காசு. புளி போட்டு யாரு கழுவுவா?"

"சமையக்கட்டுல கழுவுவாங்க." நல்லையா நிறுத்தினார். "ஆனா பெட்டி அலமாரியில இருக்கு. சாவி வீட்டுல இருக்குன்னாரே. எழுதியே வெச்சிருக்கேன்."

"மாடி முழுக்க வீடுதானேண்ணே. வீட்டுல இருக்குற சாவி வீட்டுல எங்க இருக்கு? உங்க சம்பளத்த அந்தக் காலத்துல யார்கிட்ட குடுப்பீங்க?"

"வீட்டுல குடுப்பேன்." சொல்லிவிட்டு நல்லையா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா! பொண்டாட்டியச் சொன்னாரா மனுசன்! நான் எடத்த எழுதிட்டேன், ஆளு இருந்திருக்கு!"

ஹாஜியாரின் வீட்டுக்குப் பின்படி வழியாக ஏறியபோது நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. சமையற்கட்டில் ஜைனப் வாடா என்கிற அரிசிமாவுப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். ஹாஜியாரின் மனைவி. இடுப்பில் சாவிக்கொத்து. பின்னால் தட்டில் நான்கு தண்ணிச் செம்புகள், ஒரு தாம்பாளம், கைப்பிடி போன ஒரு கெண்டி. எல்லாம் கண்ணைக் கூசும்படி மின்னின.

"லாத்தா, என்ன, வீடே ஜொலிக்குது?"

"வா மெஹ்ரீன். விருந்தாளி வர்றாராமே. நேத்து அஸருக்கு அப்புறம் உக்காந்தவ, மஃரிப் வரைக்கும் துலக்கினேன். தோள்பட்ட போச்சு. இந்தா, வாடா எடுத்துக்க. நல்லையா, நீங்களும்."

நல்லையா இரண்டு எடுத்துக்கொண்டார்.

"அலமாரியில இருக்குற பெட்டியத் தொறந்தீங்களா லாத்தா?"

"தொறக்காம எப்படித் துலக்குறது?"

வாடா நல்லையாவின் தொண்டையில் நின்றது.

"அவுகதான் சொன்னாக," என்றார் ஜைனப், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல். "'வீட்டுல இருக்குற செம்பயெல்லாம் துலக்கி வை'ன்னாக. நாலு செம்பயும் துலக்கினேன். அப்புறம் ரோசன வந்துச்சு. முப்பது வருசமா அந்தப் பெட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு, 'இதக் காசுன்னு சொல்லாதடி, இது செம்பு, சுத்தச் செம்பு'ன்னு எனக்குப் பாடம் நடத்துறாக. அத மட்டும் விட்டுட்டா, சொன்னது காதுல விழலியான்னு குதிப்பாக. எடுத்து நல்லா புளியும் உப்பும் போட்டுத் தேச்சேன். எம்புட்டு அழுக்குங்கிற! முகமே இல்லாம கெடந்த பொம்பள, பளிச்சுன்னு சிரிச்சா."

நல்லையா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புச் சத்தத்தில் ஜைனபின் கை நின்றது.

"ஏன், தப்பா?"

"கீழே என்ன நடக்குதுன்னு தெரியாதா லாத்தா?"

"சத்தம் கேட்டுச்சு. கடையில கல்லு கில்லு போச்சாக்கும்னு நெனச்சேன். என்கிட்ட யாரு சொல்றா?"

மெஹ்ரீன் சொன்னாள். உதுமான் பெயரைக் கேட்டதும் ஜைனப் அடுப்பை அணைத்தார்.

"உதுமான் காக்காவையா? அந்தக் கைய வெச்சுக்கிட்டு திரும்ப அங்க அனுப்பப் போறாகளா?" முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாகப் படியிறங்கினார்.

கீழே எல்லோரும் வந்திருந்தார்கள். வட்டாரத் தலைவர் மனுவைக் கையில் வைத்திருந்தார். பினாங்கு வியாபாரி விநாயகமூர்த்தி, மழைக்கோட்டைக் கழற்றாமல், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உதுமான் எழுந்து நின்றுவிட்டார். யாரும் சொல்லாமலே. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைகளை முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் மெஹ்ரீன். செம்பு துலக்கிய கதையை ஒரே மூச்சில், முதலில் தமிழிலும் பிறகு வட்டாரத் தலைவருக்காகப் பர்மியத்திலும் சொன்னாள். வட்டாரத் தலைவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். விநாயகமூர்த்தி அடக்கவில்லை.

ஹாஜியார் அசரவில்லை. "முடிஞ்சுதா? உதுமான் வந்தது எப்போ?"

"மத்தியானம்."

"இவ துலக்கினது எப்போ?"

"அஸர் தொழுகைக்கு அப்புறம், சாயங்காலம்," என்றாள் மெஹ்ரீன். மாடிப்படியிலேயே அவளுக்குத் தோன்றிய ஓட்டை அதுதான்.

"அப்ப என்ன ஆச்சு? மத்தியானம் இவன் மாத்திட்டான். கள்ளக்காசுக்கு அழுக்குப் பூசித்தான் வெச்சிருக்கான். சாயங்காலம் இந்தப் புத்திசாலி அந்தக் கள்ளக்காசத் துலக்கியிருக்கா! நல்லதாப் போச்சு. துலக்கினதாலதான் குட்டு வெளிப்பட்டுச்சு. எழுதிக்கிங்க, அதையும் மனுவில சேத்துக்கிங்க!"

உதுமான் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

'சேத்துக்கிங்க.' மெஹ்ரீன் வட்டாரத் தலைவரின் கையிலிருந்த மனுவைப் பார்த்தாள். தான் அடித்த மனு. காலையில் இதே மனிதர்தான் விரலை நீட்டியபோது தொடாதே என்று பெட்டியை மூடினார். மேல்பக்கத்தைக் காட்டினார். கீழ்ப்பக்கத்தை ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

"விநாயகமூர்த்தி சார், இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. கள்ளக்காசா இருந்தாலும் ஒரு தடவ கழுகப் பாத்துட்டுப் போங்களேன்."

"சாட்சிப் பொருள்..." என்று ஆரம்பித்தார் ஹாஜியார். வட்டாரத் தலைவர் பர்மியத்தில் ஒரே வார்த்தை சொன்னார்: காட்டு.

பெட்டி திறந்தது. விநாயகமூர்த்தி கைக்குட்டையால் காசை எடுத்துத் திருப்பினார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். மழைக்கோட்டு குலுங்க ஆரம்பித்தது.

"கழுகுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. சொல்லட்டுங்களா? 'ஆறு கட்டி சவுக்காரம் வாங்குவோருக்கு இந்த அழகிய பழங்காசின் மாதிரி இலவசம்.' சவுக்காரக் கம்பெனி விளம்பரம்ங்க. பழைய காசப் பாத்து அடிச்சு, சோப்போட குடுத்தது."

"பாத்தீங்களா!" ஹாஜியார் மேசையைக் குத்தினார். முகத்தில் ரத்தம் ஏறியது. "நான் சொல்லல? கள்ளக்காசு! சவுக்காரக் காசு! என் பாட்டனார் காச எடுத்துக்கிட்டு சவுக்காரக் காச வெச்சிருக்கான்! கூட்டிட்டுப் போங்க இவன!"

வட்டாரத் தலைவர் உதுமானின் தோளில் கையை வைத்தார்.

"ஒரு நிமிசம்," என்றாள் மெஹ்ரீன். "சார், கழுகோட வலது இறக்கைக்குக் கீழ ஏதாவது இருக்கா?"

"வலது இறக்கையா?" விநாயகமூர்த்தி மறுபடி கண்ணாடியைப் பிடித்தார். "ஒரு வெட்டு இருக்கு."

"எம்புட்டு?"

"சின்னது. அரிசி மூக்கு மாதிரி."

மெஹ்ரீன் வட்டாரத் தலைவரிடம் திரும்பி, அதைப் பர்மியத்தில் சொல்லி, அங்க அடையாளம் என்ற கட்டத்தைக் கொஞ்சம் உரக்க வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார். 'ஆண்டவனுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது' என்ற இடத்தில் வாசிப்பு நின்றது. உதுமானின் தோளிலிருந்து கை இறங்கியது.

"யாருக்கும் தெரியாத வெட்ட உதுமான் பாய் எப்படி வெட்டினாரு ஹாஜியாரே? அரை மணி நேரத்துல?" மெஹ்ரீன் குரலை உயர்த்தவில்லை. "இதுதான் உங்க பாட்டனார் காசு. மாறவே இல்ல. அழுக்கு மட்டுந்தான் போச்சு. காலையில கண்ணாடிய வெச்சுப் பாத்தப்ப அந்தச் சவுக்கார வரிய நீங்க படிச்சுட்டீங்க. நாலு மணிக்கு இவரும் படிப்பாருன்னு தெரிஞ்சுபோச்சு. சவுக்காரக் காசு வெச்சிருக்குற ஹாஜியாரா இருக்குறதவிட, காசு திருடு போன ஹாஜியாரா இருக்குறது கௌரவமா பட்டுச்சு. அந்தக் கௌரவத்துக்கு ஒரு ஆளு தேவப்பட்டுச்சு. ஏற்கெனவே உள்ள போய்ட்டு வந்த ஆளா இருந்தா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஹாஜியார் வாயைத் திறந்தார். வெகுநேரம் வாக்கியம் தேடினார். நீளமானதும் கிடைக்கவில்லை, குட்டையானதும் கிடைக்கவில்லை.

"பண்டமாத்தா வாங்கினாரே உங்க பாட்டனார்," என்றார் நல்லையா, மிச்ச வாடாவைக் கடித்தபடி. "அந்த ஆறு கட்டி சவுக்காரத்தையும் சேத்து வாங்கியிருந்தா, குடும்பத்துக்கு எதுக்காவது ஆகியிருக்கும்."

வட்டாரத் தலைவர் மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பொய்ப் புகாருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, நாளைக் காலையில் ஹாஜியார் ஆபீஸுக்கு வந்தால் விளக்கிச் சொல்கிறேன் என்றார். தான் கையெழுத்துப் போட்ட காகிதம் அந்தப் பைக்குள் போவதை ஹாஜியார் பார்த்துக்கொண்டே நின்றார். பையின் பித்தான் போட்டாகிவிட்டது.

உதுமான் மேசைக்கு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, நேற்று மாட்டிய கொக்கியை வெல்வெட்டுப் பெட்டியிலிருந்து கழற்றினார். இரண்டு விரல் ஒத்துழைக்காததால் நேரம் பிடித்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"இது என்னுது," என்றார். அப்படியே மழைக்குள் நடந்தார்.

வாய் பிளந்து கிடந்த பெட்டியை ஜைனப் எடுத்தார். காசை உள்ளே போட்டு, புருஷன் முன்னால் வைத்தார்.

"செம்பத் துலக்கச் சொன்னீக, துலக்கிட்டேன். உங்களத் துலக்குறதுக்கு இந்த ரங்கூன்ல இருக்குற புளி பத்தாது."

மாடிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வாடா வாசனை மறுபடி வந்தது. நல்லையா படியை ஏக்கமாகப் பார்த்தார். மெஹ்ரீன் மிஷினைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

அந்தப் பெட்டி இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது, கொக்கி இல்லாமல்.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது ஒன்றைச் சொல்ல, வேறொருவர் அதை அப்படியே செய்துவைத்து, மூடி வைத்த சங்கதி பளிச்சென்று வெளியே வந்ததுண்டா? துலக்கியது யார், துலங்கியது என்ன என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். பெயர் போடப் பயமாக இருந்தால் 'வீட்டுல' என்று கையெழுத்துப் போடுங்கள், ஆள் யாரென்று புரிந்துகொள்கிறேன்.